சாவி கேப்டனிடம், பூட்டு வேறொருவரிடம்: ‘கிரிம்சன் டைட்’ படத்தில் அதிகாரம் கைமாறும் விதம்

ஒரு நீர்மூழ்கிக் கப்பலின் கட்டுப்பாட்டு அறை. இரண்டு அதிகாரிகள் எதிரெதிரே நிற்கிறார்கள். இருவரும் ஒரே ஆளைப் பார்த்து ஒரே கட்டளையைக் கொடுக்கிறார்கள்: இவரைக் கைது செய். கட்டளை ஒன்றுதான், விரல் சுட்டும் திசைதான் வேறு. நடுவில் நிற்கும் அந்த ஆள் இருவருக்குமே கீழ்ப்பட்டவர். முப்படைகளில் எதிலும் இருக்கக்கூடிய ஒரு மூத்த சிப்பாயின் முகம். அவர் சில வினாடிகள் பேசாமல் நிற்கிறார். அந்தச் சில வினாடிகளில் கப்பலின் முழு அதிகாரமும் அவர் கையில் இருக்கிறது. அது அவருக்கும் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிகிறது.

1995இல் டோனி ஸ்காட் இயக்கத்தில் வெளிவந்த ‘கிரிம்சன் டைட்’ படத்தைப் பொதுவாக இரண்டு பெரிய நடிகர்களின் மோதலாகத்தான் பார்ப்பார்கள். கேப்டன் ராம்சியாக ஜீன் ஹேக்மன், அவருக்கு அடுத்த நிலையில் உள்ள துணைக் கேப்டன் ஹண்டராக டென்ஸல் வாஷிங்டன். யார் சொன்னது சரி என்று படம் முடிந்ததும் வாதிடலாம், பலர் வாதிட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கேள்வியில் அவ்வளவு ஆர்வம் இல்லை. இருவரும் மாறி மாறிக் கப்பலைக் கைப்பற்றுகிறார்கள். ஒவ்வொரு முறையும் அது எப்படிச் சாத்தியமானது? கட்டளையிட்டவரின் குரலிலா, கேட்டவரின் தலையசைப்பிலா? இந்த ஆய்வு அந்த இடத்தைத்தான் தோண்டிப் பார்க்கிறது.

களம்

அலபாமா என்பது உண்மையான கப்பல். ஒஹையோ வகையைச் சேர்ந்த அணுசக்தி நீர்மூழ்கி. 24 ஏவுகணைக் குழாய்களோடு கட்டப்பட்டது. கதை மட்டும் கற்பனை. ரஷ்யாவில் ராட்சென்கோ என்ற தீவிர தேசியவாதியின் ஆதரவாளர்கள் ஓர் ஏவுகணைத் தளத்தைக் கைப்பற்றி, அமெரிக்காவையும் ஜப்பானையும் தாக்குவதாக மிரட்டுகிறார்கள். தேவைப்பட்டால் முந்திக்கொண்டு அடிப்பதற்காக அலபாமா கடலுக்குள் அனுப்பப்படுகிறது. அமெரிக்கக் கப்பல் ஒன்றில் கலகம் நடப்பதைக் காட்டும் கதை என்பதால் அந்நாட்டுக் கடற்படை படப்பிடிப்புக்கு உதவ மறுத்துவிட்டது. கதையில் கேப்டன் எதற்கு அஞ்சுகிறாரோ அதற்கே கடற்படையும் அஞ்சியிருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

ராம்சி போரைக் கண்டவர். அப்படிப்பட்ட நீர்மூழ்கித் தலைவர்கள் மிகச் சிலரே மிஞ்சியிருக்கும் காலம் அது. ஹண்டர் ஹார்வர்டில் படித்தவர், போர்க் கோட்பாடுகளை அறிந்தவர், சண்டையை நேரில் காணாதவர். வழக்கமான துணைக் கேப்டனுக்குக் குடல்வால் அழற்சி வந்துவிட்டதால் அந்த இடத்துக்கு வருகிறார். இவர்கள் ஒருவரையொருவர் தேர்ந்துகொண்டு சேர்ந்தவர்கள் அல்லர். ஒருவருடைய வயிற்றுவலி சேர்த்துவைத்த ஜோடி.

இன்னும் சிலரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். ‘காப்’ என்று எல்லோரும் அழைக்கும் தலைமை மாலுமி. அதிகாரி வரிசையில் வராதவர், ஆனால் மாலுமிகளிலேயே மூத்தவர். ஆயுத அதிகாரி இன்ஸ். ஹண்டரின் நெடுநாள் நண்பர். வானொலியைப் பழுதுபார்க்கும் இளைஞன் வாஸ்லர். ஏவுகணை அறையில் வேலை பார்க்கும் ஹிலேர். சுவரொட்டியில் இவர்களுக்குப் பெரிய இடம் கிடையாது. கதை நகர்வதெல்லாம் இவர்களால்தான்.

மூடப்பட்ட கதவு

மோதல் ஏவுகணை விஷயத்தில் தொடங்கியது என்று நினைத்தால் படத்தின் முதல் முக்கால் மணி நேரத்தை வீணடித்துவிடுவோம். முதல் சந்திப்பிலேயே மேசையின் இரண்டு பக்கமும் சமமாக இல்லை. ராம்சியின் கையில் ஹண்டரின் கோப்பு இருக்கிறது. அவர் அதைப் படித்துக்கொண்டே கேள்வி கேட்கிறார். ஹண்டருக்கு எதிராளியைப் பற்றித் தெரிந்ததெல்லாம் கடற்படையில் உலவும் பெயர் மட்டுமே. அறையில் ஒரு நாயும் உண்டு. ராம்சியின் சின்ன நாய் கப்பல் முழுவதும் தன் வீடு போலத் திரிகிறது. யாரும் கேள்வி கேட்பதில்லை. ஒரு தலைவர் விதிகளுக்கு எவ்வளவு மேலே இருக்கிறார் என்பதை அளக்க இதைவிட எளிய அளவுகோல் வேண்டியதில்லை.

கப்பல் மூழ்குவதற்கு முன் மேல்தளத்தில் இருவரும் சுருட்டுப் பிடித்தபடி கடலைப் பார்த்து நிற்கும் காட்சி அழகானது. ஹண்டர் எதுவும் பேசாமல் அஸ்தமனத்தை ரசிக்கிறார். அந்த மௌனத்தை ராம்சி மெச்சுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது நட்பின் தொடக்கம். சற்றுக் கூர்ந்து பார்த்தால், துணைக் கேப்டனிடம் கேப்டனுக்கு முதலில் பிடித்துப்போன குணமே வாய் திறக்காமல் இருப்பதுதான் என்று புரியும்.

பிறகு அதிகாரிகளின் உணவு மேசை. போர் என்பது அரசியலின் இன்னொரு வடிவம் என்ற, போர்க் கோட்பாட்டாளர் கிளாஸ்விட்ஸின் கருத்தைச் சுற்றிப் பேச்சு போகிறது. அணு ஆயுதக் காலத்தில் உண்மையான எதிரி போரேதான் என்கிறார் ஹண்டர். மேசையில் ஒரு கணம் அசைவில்லை. ராம்சி சிரித்துச் சமாளிக்கிறார். தன்னைப் போன்றவர்களை எளிமையானவர்களாக இருக்கச் சொன்ன கடற்படை, இப்போது சிக்கலானவர்களைக் கேட்கிறது என்பதுபோல ஒரு குத்தலும் வருகிறது. வாதத்துக்கு அழைத்தவர் அவர்தான். அழைத்துவிட்டு, வந்தவர் சொன்னதையெல்லாம் கணக்கில் எழுதிவைத்துக்கொள்ளும் தலைவர்களை எல்லா அலுவலகங்களிலும் பார்க்கலாம்.

முக்கியமான திருப்பம் சமையலறைத் தீ. ஹண்டர் ஓடிப்போய்த் தீயணைக்கிறார். தீ முழுமையாக அடங்கும் முன்பே ராம்சி ஏவுகணைப் பயிற்சிக்கு உத்தரவிடுகிறார். அந்தக் குழப்பத்தில் மாரடைப்பு ஏற்பட்டு ஒருவர் இறக்கிறார். இதில் ராம்சியை முட்டாள் என்று ஒதுக்க முடியாது. போர் வரும்போது தீயும் சேர்ந்தே வரும். குழப்பத்தில்தான் பயிற்சி தேவை என்பது அவர் வாதம். ஹண்டரின் வாதமும் சரி: தீ மறுபடி மூண்டால் பயிற்சி எதற்கு? பின்னர் அறையில் தனியாக நடக்கும் பேச்சில் ராம்சி ஒரு விதியை வகுக்கிறார். நாம் ஜனநாயகத்தைக் காப்பாற்ற வந்தவர்கள், இங்கே அதை நடத்திப் பார்க்க வந்தவர்கள் அல்லர் என்பது அதன் சாரம். கருத்து வேறுபாடு இருந்தால் என்னிடம் தனியாகச் சொல், ஆட்கள் முன்னால் காட்டாதே.

நியாயமான விதி. ஹண்டர் அதை ஏற்கிறார். அதன்படியே, மாலுமிகள் மனம் சோர்ந்திருக்கிறார்கள் என்று தனியாகச் சொல்கிறார். ராம்சி என்ன செய்கிறார்? ஒலிபெருக்கியை எடுத்து, உங்கள் மனநிலை சரியில்லை என்று திரு. ஹண்டர் என் கவனத்துக்குக் கொண்டுவந்திருக்கிறார் என்று கப்பல் முழுவதற்கும் அறிவிக்கிறார். தொடர்ந்து, சமாளிக்க முடியாதவர்கள் இப்போதே கிளம்பலாம் என்கிறார். தனியறையில் நம்பிச் சொன்ன ஒரு சொல் பொதுவில் ஏளனமாகத் திரும்பி வருகிறது. ஹண்டரின் முகத்தில் அப்போது கோபம் தெரிவதில்லை. கணக்கு ஒன்று முடிவது மட்டும் தெரிகிறது.

இந்த வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுகிறது என்பது என் கருத்து. பொதுவில் எதிர்க்காதே என்று சொன்னவர், தனியில் எதிர்ப்பதற்கான கதவையும் தன் கையாலேயே அடைத்துவிட்டார். இனி மறுப்பு என்று ஒன்று எழுந்தால் அது எல்லோர் கண் முன்னாலும்தான் எழ முடியும். பிறகு ஏவுகணை விஷயத்தில் அதுவே நடக்கிறது.

அரைகுறைச் செய்தி

ஏவும்படி உத்தரவு வருகிறது. அதன் உண்மைத்தன்மையை இருவரும் சேர்ந்தே உறுதிசெய்கிறார்கள். இதில் தகராறு இல்லை. கிளர்ச்சியாளர்கள் தங்கள் ஏவுகணைகளில் எரிபொருள் நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். நேரம் குறைவு. இதற்கிடையில் எதிரியின் அகுலா வகை நீர்மூழ்கி துரத்துகிறது. அந்தக் களேபரத்தில் இரண்டாவது செய்தி ஒன்று வரத் தொடங்கிப் பாதியிலேயே அறுந்துபோகிறது. அணு ஏவுகணை பற்றியது என்பது மட்டும் தெரிகிறது. ஏவு என்று சொன்னதா, ஏவாதே என்று சொன்னதா என்பது கடலுக்கு மேலே போய்விட்டது.

ராம்சிக்கு அது வெற்றுத்தாள். முழுமையான உத்தரவு ஒன்று கையில் இருக்கும்போது, முழுமை பெறாத இன்னொன்றுக்கு மதிப்பு இல்லை. ஹண்டருக்கு அது ஒரு கேள்வி. வேறு நீர்மூழ்கிகளும் இதே வேலைக்காக நிறுத்தப்பட்டிருக்கும், நாம் தாமதித்தாலும் நாடு கைவிடப்பட்டதாகாது. தொடர்பைச் சீர்செய்து உறுதிசெய்வோம் என்கிறார்.

1959இல் சமூக உளவியலாளர்கள் ஜான் பிரெஞ்சும் பெர்ட்ரம் ரேவனும் அதிகாரத்தின் ஊற்றுகளை ஐந்தாகப் பிரித்தார்கள்: பதவி, பரிசு, தண்டனை, நிபுணத்துவம், ஆளுமையின் ஈர்ப்பு. சில ஆண்டுகள் கழித்து ரேவன் ஆறாவதாகத் தகவலைச் சேர்த்தார். மேலாண்மை வகுப்புகளில் இந்தப் பட்டியலை எடுத்துவைத்து, ராம்சிக்கு இவை, ஹண்டருக்கு இவை என்று டிக் அடிப்பது வழக்கம். அப்படிச் செய்தால் இந்தக் காட்சி நழுவிவிடும். ஏனென்றால் இங்கே சண்டை இல்லாத ஒரு தகவலைப் பற்றியது. கையில் இருக்கும் தகவல் ஒருவருக்குப் பலம் தரும். இல்லாத தகவலைத் தன் பலமாக்கிக்கொள்கிறார் ஹண்டர். ‘நமக்குத் தெரியாது’ என்ற ஒரே வாக்கியத்தை ஆயுதமாகப் பிடித்துக்கொண்டு அவர் நிற்கிறார். தெரியாது என்று ஒப்புக்கொள்வதைப் பலவீனமாகவே பார்த்துப் பழகிய ஒரு தலைவருக்கு அதை எதிர்கொள்ளும் வழி தெரியவில்லை.

கப்பலின் விதிப்படி, ஏவுவதற்குத் துணைக் கேப்டனும் உடன்பட்டுக் கட்டளையைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஹண்டர் உடன்பட மறுக்கிறார். ராம்சி குரலை உயர்த்துகிறார், மறுபடி கேட்கிறார், பிறகு அவரை நீக்கி அந்த இடத்தில் வேறொருவரை நிறுத்தப் பார்க்கிறார். கவனிக்க வேண்டியது இதுதான்: மறுத்ததால் ஹண்டர் விதியை மீறவில்லை. மறுக்கும் உரிமை அந்தப் பதவிக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. அந்த உரிமையை ஒருவர் பயன்படுத்திய முதல் நொடியிலேயே ஆளை மாற்ற முயன்றவர் ராம்சி. பூட்டு திறக்கவில்லை என்றால் பூட்டையே மாற்றலாம் என்று எண்ணியதில்தான் அவர் தன் சட்டபூர்வமான காலடியை இழக்கிறார்.

“நான் உங்கள் பக்கம் இல்லை”

தொடக்கத்தில் சொன்ன அந்தச் சில வினாடிகளுக்கு வருவோம். தலைமை மாலுமி காப் கேப்டனைத்தான் காவலில் வைக்கிறார். உடனே நாம் நினைப்பது, ஹண்டருக்கு ஓர் ஆதரவாளர் கிடைத்துவிட்டார் என்று. பின்னால் ஹண்டர் நன்றி சொல்லப் போகும்போது காப் அந்த எண்ணத்தை வெட்டி எறிகிறார். தான் அவர் பக்கம் இல்லை. அவர் முடிவு தவறாகக்கூட இருக்கலாம். ஆனால் ஒரு கேப்டன் தன் விருப்பப்படி துணைக் கேப்டனை மாற்றிவிட முடியாது, புத்தகத்தில் உள்ளபடி செய்தேன், அவ்வளவுதான் என்கிறார்.

படத்தில் எனக்கு மிகவும் பிடித்த உரையாடல் இது. ஹண்டருக்குத் தேவைப்பட்டது தோழமை. கிடைத்ததோ விதிக்கு விசுவாசமான ஓர் ஆள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை உணராதவர்கள், ஒருமுறை கிடைத்த ஆதரவை நிரந்தரக் கூட்டணி என்று நம்பி அடுத்த முறை ஏமாந்துபோகிறார்கள்.

கட்டளையின் அதிகாரம் அதைக் கொடுப்பவரிடம் இல்லை, ஏற்றுக்கொள்பவரிடம்தான் இருக்கிறது என்று செஸ்டர் பர்னார்ட் 1938இலேயே எழுதினார். அவர் தொலைபேசி நிறுவனத்தை நடத்தியவர், தத்துவப் பேராசிரியர் அல்லர். பெரும்பாலான கட்டளைகளை நாம் யோசிக்காமலே ஏற்கிறோம். அவை நம் அலட்சிய எல்லைக்குள் விழுகின்றன என்பது அவர் கருத்து. அந்த எல்லைக்கு வெளியே ஒரு கட்டளை வந்து விழும்போதுதான், இத்தனை நாளும் நாம் சம்மதித்துக்கொண்டிருந்தோம் என்பதே நமக்குத் தெரியவரும். காப்பின் மௌனம் அப்படிப்பட்ட கணம். பல ஆண்டுப் பழக்கத்தில் உறங்கிக்கிடந்த சம்மதம் விழித்துப் பார்க்கிறது.

இங்கே உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராமின் கீழ்ப்படிதல் சோதனைகள் நினைவுக்கு வராமல் போகாது. 1960களின் தொடக்கத்தில் யேல் பல்கலைக்கழகத்தில் நடந்தவை. ஆய்வாளர் சொன்னார் என்பதற்காக 40 பேரில் 26 பேர், அடுத்த அறையில் இருந்த மனிதருக்கு 450 வோல்ட் வரை மின்னதிர்ச்சி தருவதாக நம்பிக்கொண்டு விசையை அழுத்தினார்கள். இந்த எண்ணை எல்லோரும் சொல்வார்கள். அதே ஆய்வின் வேறு வடிவங்களைப் பற்றிப் பேச்சு குறைவு. உடன் அமர்ந்திருந்த இரண்டு பேர் எழுந்து மறுத்தபோது, கடைசிவரை போனவர்கள் 40க்கு 4 பேர்தான். இரண்டு ஆய்வாளர்கள் எதிரெதிராகக் கட்டளையிட்டபோது ஒருவர்கூடக் கடைசிவரை போகவில்லை. இரண்டு தலைகள் முட்டிக்கொண்டால் கைகள் நின்றுவிட்டன.

அலபாமாவில் கைகள் நிற்கவில்லை. இரண்டாகப் பிரிந்தன. இது ஏன் என்று யோசித்தால், ஆய்வகத்தில் வந்தமர்ந்தவர்களுக்கு அந்த ஆய்வாளர்கள் அந்நியர்கள். கப்பலிலோ ஒவ்வொருவருக்கும் கடன்பாடு இருக்கிறது: ராம்சியோடு பல பயணங்கள் போனவர்கள், ஹண்டருக்கு நண்பரானவர்கள், ஊரில் குடும்பத்தை விட்டு வந்தவர்கள். செயலற்று நின்றாலும் அழிவு, தவறாகச் செய்தாலும் அழிவு என்ற அச்சமும் இருக்கிறது. நடுநிலை என்பது தோற்பவருக்குப் போடும் ஓட்டாகிவிடும் இடத்தில் யாரும் நடுவில் நிற்பதில்லை.

நாற்காலி மாறியபோது

ஹண்டர் தலைமை ஏற்றதும் அகுலா திரும்பவும் வருகிறது. டார்பிடோ தாக்குதலில் கீழ்ப்பகுதியில் தண்ணீர் புகுகிறது. உள்ளே ஆட்கள் இருக்கும்போதே கதவை அடைக்கச் சொல்ல வேண்டிய நிலை. ஹண்டர் சொல்கிறார். அவர்கள் இறக்கிறார்கள்.

தீயின்போது ஓர் உயிருக்காகப் பதறியவர், இப்போது தன் சொல்லாலேயே உயிர்களைக் கொடுக்கிறார். எளிமையாக யோசிக்கும் கேப்டன், ஆழமாக யோசிக்கும் துணைக் கேப்டன் என்று படம் அதுவரை வரைந்த கோடு இங்கே அழிகிறது. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் ராம்சியின் கணக்கையும் போட்டுத்தான் ஆக வேண்டும். வேறுபாடு ஒன்றே ஒன்று: ஹண்டர் கட்டளையிட்டதும் அவர் குரல் உடைகிறது, அதை மறைக்க முயல்வதும் தெரிகிறது.

வாஸ்லரை அவர் கையாளும் விதம் வேறு ரகம். வானொலியைச் சரிசெய்ய முடியாமல் பயத்தில் தடுமாறும் அந்த இளைஞனிடம், ‘ஸ்டார் டிரெக்’ தொடர் பார்ப்பாயா என்று கேட்கிறார். நான் கேப்டன் கிர்க், நீ இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஸ்காட்டி. நீ சரிசெய்யாவிட்டால் கோடிக்கணக்கானோர் சாவார்கள். விளையாட்டாகத் தோன்றும், ஆனால் நுட்பமான காரியம். மிரட்டவில்லை, பதவியைக் காட்டவில்லை. அவன் ஏற்கெனவே விரும்பும் ஒரு கதைக்குள் அவனுக்கு ஒரு நாயக வேடம் கொடுக்கிறார். கடைசியில் செய்தி வந்து சேர்வது அந்தப் பையனின் கையால்தான்.

ஆயுத அதிகாரியின் இரும்புப் பெட்டி

மன்னரை அண்டியிருப்பவர்கள் தீக்காய்வோர் போல, மிக நெருங்காமலும் மிக விலகாமலும் இருக்க வேண்டும் என்பது நம் மரபு அறிந்த அறிவுரை. ஆயுத அதிகாரி இன்ஸின் அவலம், அவரைச் சுற்றி இரண்டு தீ எரிவது. ஒன்றிலிருந்து விலகினால் இன்னொன்றில் விழ வேண்டும்.

ராம்சிக்கு விசுவாசமான அதிகாரிகள், டோஹர்ட்டி முதலானோர், ஆயுதம் ஏந்திக் கேப்டனை மீட்கத் திட்டமிடுகிறார்கள். அதற்கு இன்ஸ் வேண்டும். ஹண்டர் உன் நண்பன் என்பது தெரியும், ஆனால் அவன் தவறு செய்கிறான் என்று அழுத்துகிறார்கள். இன்ஸ் இழுபடுகிறார், தயங்கித் தயங்கி இணங்குகிறார். ராம்சி மீண்டும் கட்டுப்பாட்டைப் பிடிக்கிறார். ஹண்டரும் காப்பும் மற்றவர்களும் அடைக்கப்படுகிறார்கள். ஆட்சி கவிழ்ப்பின் இலக்கணம் இதில் அப்படியே இருக்கிறது. வன்முறையாளர்கள் திட்டம் போடுகிறார்கள். அதற்கு மதிப்பைக் கொடுப்பது, உள்ளுக்குள் நம்பிக்கையில்லாத ஒரு நல்லவரின் சம்மதம்.

ஆனால் ஏவும் விசை இன்ஸின் பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் எண்கள் அவர் தலைக்குள் மட்டும் இருக்கின்றன. கடைசி நேரத்தில் அவர் கை நகர மறுக்கிறது. ராம்சி ஏவுகணை அறைக்கே வந்து துப்பாக்கியை அவர்மீது நீட்டுகிறார். நீட்டியவுடனே புரிந்துகொள்கிறார்: இவரைச் சுட்டால் எண்களும் போய்விடும். உடனே துப்பாக்கி திரும்புகிறது, பக்கத்தில் இருக்கும் ஹிலேரை நோக்கி.

ஒருவர்மீது நமக்குள்ள அதிகாரம், அவர் நம்மை எவ்வளவு சார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது என்றார் சமூகவியலாளர் ரிச்சர்ட் எமர்சன், 1962இல். அந்தக் கணத்தில் கப்பலிலேயே இன்ஸை அதிகம் சார்ந்திருப்பவர் ராம்சிதான். துப்பாக்கி வைத்திருப்பவர் வெறும் கையோடு நிற்பவரிடம் கெஞ்ச வேண்டிய நிலை. அதிலிருந்து தப்ப அவர் கண்ட வழி, சார்பை வேறொருவர் வழியாகத் திருப்பிவிடுவது. ஹிலேரின் உயிர் இன்ஸுக்கு வேண்டும், ராம்சிக்கு வேண்டியதில்லை. இன்ஸ் உடைகிறார். இன்னொருவனைச் சாகவிட மனம் வராத குணம்தான் அவர் மறுப்பின் வேர். அதையே நெம்புகோலாக்கி மறுப்பைப் பெயர்த்தெடுத்துவிடுகிறார் ராம்சி.

ராம்சி அங்கே வென்றார் என்று சொல்ல முடியாது. தன் சொந்த ஆட்களில் ஒருவனின் தலைக்குத் துப்பாக்கி வைத்த பிறகு, கேப்டன் என்ற பட்டத்தில் என்ன மிச்சம் இருக்கிறது? அந்த அறையில் இருந்தவர்களின் முகங்களைப் பாருங்கள். கட்டளையை நிறைவேற்றத் தயாராக இருந்தவர்களும் ஓரடி பின்வாங்குகிறார்கள். இதற்குள் ஹண்டர் விடுபட்டு, கட்டுப்பாட்டு அறையில், ஏவுவதற்குத் தேவையான கேப்டனின் சாவியைப் பிடுங்கிவிடுகிறார். கேப்டன் பூட்டைத் திறக்க ஓடிய நேரத்தில் சாவி கைமாறிவிட்டது.

குதிரைகள்

ராம்சி திரும்பி வந்து சாவியைக் கேட்கிறார். ஹண்டர் தர மறுக்கிறார். ராம்சி அவர் முகத்தில் குத்துகிறார், மறுபடியும் குத்துகிறார். ஹண்டர் திருப்பி அடிக்கவில்லை. இரண்டு தரப்பும் ஆயுதங்களோடு நிற்கும்போது, திருப்பி அடிக்கும் ஒரு கை எத்தனை துப்பாக்கிகளை வெடிக்க வைக்கும் என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு நடப்பது விந்தையான ஓர் உடன்படிக்கை. யார் சரி என்பதில் அவர்கள் ஒத்துப்போகவில்லை. எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதில் மட்டும் ஒத்துப்போகிறார்கள். கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974இல் வகுத்த ஐந்து மோதல் பாணிகளில் இதைச் சமரசம் என்ற பெட்டிக்குள் போடலாம். ஆனால் சமரசத்தில் ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். இங்கே யாரும் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தீர்ப்பை வானொலியிடம் ஒப்படைத்துவிட்டார்கள்.

காத்திருக்கும்போது ராம்சி லிப்பிசானர் குதிரைகளைப் பற்றிப் பேசுகிறார். உலகிலேயே நன்றாகப் பழக்கப்பட்ட குதிரைகள், எல்லாமே வெள்ளை, போர்ச்சுகல்லைச் சேர்ந்தவை. பழக்கும் முறை எளிது, மின்தடியால் ஒரு குத்து. ஹண்டர் அமைதியாகத் திருத்துகிறார்: அவை ஸ்பெயினைச் சேர்ந்தவை. பிறக்கும்போது வெள்ளையும் அல்ல, கறுப்பு.

படத்தில் அதுவரை வெளிப்படையாக யாரும் தொடாத நிறம் இந்த இடத்தில்தான் மேசைக்கு வருகிறது. வெள்ளையரான ஒரு கேப்டன், கறுப்பினத்தவரான துணைக் கேப்டனிடம், பழக்கப்பட்ட வெள்ளைக் குதிரைகளைப் பற்றியும் மின்தடியைப் பற்றியும் சொல்கிறார். நேரடியாக எதுவும் சொல்லவில்லை என்று பிறகு மறுத்துவிடலாம். அவமதிப்பின் மிகப் பழைய உத்தி அது. ஹண்டரின் பதிலும் அதே தளத்தில் நிற்கிறது. கோபப்படாமல் உண்மை ஒன்றை எடுத்து வைக்கிறார். தன் தலைமை குறித்த கோட்பாட்டையும் ராம்சி இங்கே தன் வாயாலேயே சொல்லிவிடுகிறார். அவருக்கு மின்தடி, ஹண்டருக்கு ஸ்காட்டியின் கதை.

இடைக்குறிப்பாக ஒன்று. இந்தக் குதிரை இனத்துக்குப் பெயர் தந்த லிப்பிட்சா இன்றைய ஸ்லொவேனியாவில் இருக்கிறது. 1580இல் தொடங்கப்பட்ட பண்ணை அது. மூதாதைக் குதிரைகளில் பல ஸ்பெயினிலிருந்து வந்தவை. ஆக, நிற விஷயத்தில் ஏறக்குறையச் சரியான ஹண்டர், ஊர் விஷயத்தில் பாதிதான் சரி. விசாரணை மேசைக்கு இது ஏற்ற முன்னுரை.

விசாரணை

செய்தி வருகிறது: ஏவாதே, கிளர்ச்சியாளர்கள் சரணடைந்துவிட்டார்கள். ராம்சி தலைமையை ஹண்டரிடம் விட்டுவிட்டுத் தன் அறைக்குப் போகிறார்.

இங்கே படத்தோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அந்தச் செய்தி வேறுவிதமாக இருந்திருந்தால்? இன்னும் ஏன் ஏவவில்லை என்று கேட்டிருந்தால் ஹண்டர் துரோகியாகியிருப்பார். அப்போதும் அவர் எடுத்த முடிவு அதே முடிவுதான். அந்தக் கணத்தில் அவருக்குத் தெரிந்ததும் தெரியாததும் அதே அளவுதான். முடிவின் தரத்தை விளைவால் அளப்பது எளிய பிழை. கதாசிரியர் விளைவைத் தன் விருப்பப்படி எழுதிக்கொள்ள முடியும் என்பதால், பார்வையாளருக்கு அந்தப் பிழை நியாயம் போலவே தோன்றிவிடுகிறது. காப் மட்டும்தான் இந்தப் பொறியில் விழாதவர். நீங்கள் தவறாக இருக்கலாம் என்று செய்தி வரும் முன்பே சொன்னவர் அவர்.

திரைக்கு வெளியிலும் இதற்கு ஓர் இணை இருக்கிறது. 1962 அக்டோபர் 27, கியூபா நெருக்கடியின் உச்சம். சோவியத்தின் பி-59 நீர்மூழ்கியை மேலே வரவைக்க அமெரிக்கக் கப்பல்கள் சிறு குண்டுகளை வீசின. கப்பலுக்குள் வெப்பம், மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. அணு டார்பிடோவைத் தயார்செய்யச் சொன்ன கேப்டன் சவீத்ஸ்கியை, உடன் பயணித்த வசீலி அர்கீபொவ் தணித்தார் என்று அக்கப்பலில் இருந்த வாதிம் ஒர்லோவ் பின்னாளில் சொன்னார். அர்கீபொவ் அந்தக் கேப்டனுக்குக் கீழ்ப்பட்டவர் அல்லர். படைப்பிரிவின் தலைமை அலுவலர். முந்தைய ஆண்டு கே-19 நீர்மூழ்கியின் அணு உலை விபத்தைக் கடந்து வந்தவர் என்ற மதிப்பும் அவருக்கு இருந்தது. ஹண்டருக்கு இல்லாத இரண்டும் அவரிடம் இருந்தன: சம பதவி, ஆபத்தைக் கண்டவர் என்ற பெயர். அதனால்தானோ என்னவோ அங்கே யாரையும் கைது செய்ய வேண்டிவரவில்லை. இந்தச் செய்தி உலகுக்குப் பரவலாகத் தெரியவந்தது 2002 ஹவானா மாநாட்டில். படம் வந்து ஏழு ஆண்டுகள் கழித்து.

படத்தின் விசாரணையில் அட்மிரல், இருவரும் சரி, இருவரும் தவறு என்று முடிக்கிறார். ராம்சி ஓய்வு பெறுகிறார். ஹண்டருக்கு அடுத்த கப்பலின் தலைமையைப் பரிந்துரைத்தவரும் அவரே. நீர்மூழ்கித் தலைவர்களின் ஏவும் அதிகாரம் 1996 ஜனவரியோடு பறிக்கப்பட்டதாகத் திரையில் ஒரு குறிப்பும் வருகிறது. வெளியே வந்ததும் ராம்சி ஹண்டரிடம், நீ சொன்னது சரி, நான்தான் தவறு என்கிறார். ஹண்டர் நிமிர்ந்து பார்க்கிறார். குதிரைகள் விஷயத்தில், என்று முடிக்கிறார் ராம்சி. அவை ஸ்பெயினைச் சேர்ந்தவைதாம். நாயோடு நடந்து போய்விடுகிறார்.

எல்லோரும் அந்தக் காட்சியில் நெகிழ்ந்துபோவார்கள். நானும் முதல் முறை நெகிழ்ந்தேன். அடுத்த முறை பார்த்தபோது வேறொன்று உறுத்தியது. விசாரணை அறையில் தீர்ப்புக்காக நின்றவர்கள் ராம்சியும் ஹண்டரும்தான். ஒருவருக்குக் கௌரவமான ஓய்வு, இன்னொருவருக்குப் பதவி. கைது செய்த காப்புக்கு என்ன ஆயிற்று, பெட்டியைத் திறந்த இன்ஸுக்கு என்ன ஆயிற்று என்று படம் சொல்லவில்லை. நெற்றிக்கு நேரே தன் கேப்டனின் துப்பாக்கியைப் பார்த்த ஹிலேர், ஊர் திரும்பி வீட்டில் என்ன சொல்லியிருப்பான் என்று கேட்கவும் அங்கே ஆள் இல்லை.